கலாபாவின் குரலை நகலெடுத்த நாள்

எக்ஸில்டா வீட்டுக் கணினியோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பும் அடுப்புக் கரியும் கைமாற்றிக்கொண்டு வாழ்கிறோம். ஆனால் அவள் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் அந்தக் கணினிக்கு மரியாதை செய்தாக வேண்டும். சோபாவின் கைப்பிடிகளுக்குப் போட்டிருப்பதைப் போலவே அதற்கும் வெள்ளை நூலில் பின்னிய உறை ஒன்று உண்டு. "கையக் கழுவிட்டு வாங்க கபாசாம்மா, கோழி வாசத்தோட அதுகிட்டப் போகாதீங்க" என்பாள். நான் கறிக்கோழி வளர்த்து விற்கிறவள். அந்த வாசத்தில்தான் என் மகன் கபாசா படித்து முடித்தான். கணினிக்கு மட்டும் என்ன வந்துவிட்டது?

எக்ஸில்டா எங்கள் கப்வே ஊரின் சுரங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு கடிதம் அடித்தால் கார்பன் வைத்து இரண்டு நகல் எடுப்பாள். ஒன்று கோப்புக்கு, இன்னொன்று எதற்கும் இருக்கட்டும் என்பதற்கு. சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தப் புத்தி அவளை விட்டுப் போகவில்லை. சந்தைக்குப் போகும்போது என்னிடம் கொடுக்கிற சாமான் சீட்டுக்குக்கூடத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்வாள். திரும்பி வந்ததும் ஒத்துப் பார்த்து, "தக்காளி எங்க?" என்று கேட்பாள்.

ஏதோ ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது அந்தக் கணினியை வாங்கி வந்தாள். அப்போது தெருவில் வேறு யாரிடமும் கணினி கிடையாது. பாதி ஊர் அதற்குள் குடியேறிவிட்டது. தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகள், வேலைக்கு அலைந்த பிள்ளைகளின் விண்ணப்பங்கள், என் கபாசாவின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். மகள் முவிலாவின் பெயரால் ஊருக்கு அவள் முவிலாம்மா. எதைக் கேட்டாலும், "முவிலாம்மா கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்பார்கள்.

அதில் அவளுடைய சொத்து என்று இருந்தது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் கலாபாவின் குரல்.

கலாபா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அந்தக் குரலை என்னவென்று சொல்ல? வண்டி தாமதம் என்று அவர் சொன்னால்கூடக் கேட்கிறவர்களுக்குக் கோபம் வராது. இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று தலைநகர் லுசாகாவில் டாக்டர் சொல்லிவிட்டார். அறுவைக்கு முந்தின வாரம் எக்ஸில்டா அவரைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, "பேசுங்க" என்றாள். குரலுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கப் பார்த்தாள், வேறென்ன.

முதல் நாள் மனிதர் வாயே திறக்கவில்லை. ஊருக்கே அறிவிப்புச் செய்தவர், மைக்கைப் பார்த்துக்கொண்டு கல்லாகச் சமைந்திருந்தார். அப்போதுதான் அவருடைய அண்ணன் கசொண்டே வந்தார். கசொண்டேயை எனக்குப் பிடிக்காது. என் கோழிகளால் தெருவே நாறுகிறது என்று ஊரெல்லாம் சொன்னவர், என் சேவலைக் கல்லால் அடித்தவர். வந்தவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏண்டா, அந்தக் காது கிழிஞ்ச வெள்ளாட்ட வித்தியே, அது யாரோட ஆடு?" என்றார்.

அந்தச் சண்டை நாங்கள் எல்லோரும் அறிந்தது. அவர்கள் அப்பா செத்த வருடத்திலிருந்து நடப்பது. கலாபா துள்ளி எழுந்தார். "என்னோட ஆடு! அப்பா என் கைல புடிச்சுக் குடுத்த ஆடு!" பிறகு இருவரும் தொண்டை வறளும்வரை கத்தினார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே கோழிக்குத் தீனி போட்டு முடித்தேன். எக்ஸில்டா வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். அன்றைக்குத் திறந்த வாய் அந்த வாரம் முழுக்க மூடவில்லை. சுவிசேஷம் படித்தார், பழைய ரயில் அறிவிப்புகளைச் சொன்னார், மாவு மூட்டையில் அச்சடித்திருந்ததைக்கூட விடவில்லை.

அறுவைக்குப் பிறகு தொண்டையில் ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. ஒருமுறை கைதட்டினால் ஆமாம், இரண்டு முறை தட்டினால் இல்லை. எக்ஸில்டா அந்தப் பதிவுகளைப் பென் டிரைவிலும் நகல் எடுத்து வைத்திருந்தாள். பாடகர் குழுக்காரர் ஒருவர் அதை இரவல் வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது அதில் பாட்டு மட்டும்தான் இருந்தது. இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் அவள்.

சில மாதத்துக்கு முன் அவர்கள் மகள் முவிலா போன் செய்தாள். நிடோலா நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். டைப் அடித்தால் பேசுகிற ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். அப்பாவின் பழைய பதிவைக் கொடுத்தால் அப்பாவின் குரலிலேயே பேசுமாம். ஆனால் கணினியில் இருக்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அது ஓடாது, புதுசு போட வேண்டும். எக்ஸில்டா சந்தையில் கணினி பழுதுபார்க்கும் சகாலாவைக் கூட்டி வந்தாள். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கர்ர் கர்ர் என்று அரைக்கிற சத்தம்.

"சிஸ்டம் மாத்துறது அப்புறம் இருக்கட்டும்மா. உள்ள இருக்கிற டிஸ்க்கு உயிர் போற நிலையில இருக்கு. இப்ப அணைச்சு வைங்க, தொடாதீங்க. வெளி டிஸ்க்கு வந்ததும் ஒரே ஒரு தடவை எழுப்பி, அதே மூச்சுல எல்லாத்தையும் காப்பி பண்ணிடுங்க. ரெண்டாவது தடவை எழும்னு என்னால சொல்ல முடியாது."

மகள் அனுப்பிய வெளி டிஸ்க் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை எங்கள் பகுதிக்கு நண்பகல்வரை கரண்ட் இருக்கும் என்று மின்வெட்டு அட்டவணை சொன்னது. அன்று காலை நான் முட்டை கொடுக்கப் போனபோது எக்ஸில்டா சேலை மாதிரி சுற்றியிருந்த சிடெங்கேத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து தடவை அழுத்திய பிறகு அது எழுந்திருக்கிறது. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கலாபா பக்கத்து நாற்காலியில் கைகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார்.

"குரல் ஏறிடுச்சா?" என்று கேட்டேன்.

"அது கடைசி. இப்பப் பாட்டு போயிட்டிருக்கு. அப்புறம் பிள்ளைங்க விண்ணப்பம், அப்புறம் உங்க வீட்டுக் கல்யாணப் படம்."

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா முவிலாம்மா? மொதல்ல அவர் குரலப் போடுங்க! கபாசா கல்யாணத்துல என்ன வாழுது? மருமக மூஞ்சியத்தான் தெனம் பாக்கறனே!"

"ஊரார் பொருளு. என்னை நம்பிக் குடுத்தது. அது தொலைஞ்சா நாளைக்கு யாரு மூஞ்சில முழிப்பேன்? நம்மளது நம்மளதுதானே."

நான் கலாபாவைப் பார்த்தேன். அவர் ஒருமுறை கைதட்டினார். அவரும் அந்தக் கட்சிதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கறித்துண்டு அவருக்கு, குழம்பு நம் பிள்ளைக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதற்காகத் திட்டாமல் இருக்க முடியுமா? நன்றாகத் திட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கோடு ஒரு வார்த்தையில் நிற்காது. இன்னும் பத்து நிமிடம் என்று காட்டும், கண்ணை மூடித் திறந்தால் நாலு மணி நேரம் என்னும். எங்கள் மினிபஸ் கண்டக்டர்கள் "இதோ கெளம்பியாச்சு" என்று சொல்வதைப் போலத்தான். நடுநடுவே உள்ளே கர்ர் என்று ஒரு சத்தம் வரும், கோடு அப்படியே நிற்கும், நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு நகரும். பாட்டு ஏறியது. விண்ணப்பங்கள் ஏறின. கல்யாணப் படங்கள் ஏறின. எக்ஸில்டா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குரல் இருந்த ஃபோல்டரைப் பிடித்து இழுத்துப் புது டிஸ்கில் விட்டாள். கோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அப்போது போன் அடித்தது.

எக்ஸில்டா காதில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்து கலாபா எழுந்து நின்றார்.

"உங்க அண்ணன்," என்றாள். "நெஞ்சு வலின்னு போனவரு ஆஸ்பத்திரி வாசல்லயே விழுந்துட்டாராம். போயிட்டாருங்க."

கலாபா வாயைத் திறந்தார். தொண்டைத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. அவ்வளவுதான். அண்ணன் செத்ததற்கு வாய்விட்டு அழக்கூட அந்த மனிதருக்குச் சத்தம் இல்லை.

அடுத்து என்ன வரும் என்பது உடனே எனக்கு உறைத்தது. கசொண்டே பெண்டாட்டியை இழந்தவர், வாடகை அறையில் இருந்தவர். சாவு வீடு தம்பி வீடுதான். சாவு வீடு என்றால் கூடத்தில் ஒரு சாமான் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுப் பெண்கள் வெறுந்தரையில் உட்கார வேண்டும், ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டும். நான் திரையைப் பார்த்தேன். கோடு தொடக்கத்திலேயே கிடந்தது.

நாங்கள் நிதானிப்பதற்குள் வாசலில் ஓலம் கேட்டது. பின்னாலேயே ஒரு வேன். அதிலிருந்து கலாபாவின் அக்கா மகன் வெப்ஸ்டரும் நாலைந்து ஆண்களும் குதித்தார்கள். வெப்ஸ்டர் நல்ல பிள்ளை. மலை மாதிரி உடம்பு, யோசிப்பதற்கு முன்னால் தூக்கிவிடுகிற கை. சோபா போயிற்று. சாப்பாட்டு மேசை போயிற்று. டிவி போயிற்று. எல்லாம் வேலி தாண்டி என் வீட்டுக்கு. பிறகு அவன் கணினிப் பக்கம் திரும்பினான்.

எக்ஸில்டா எழுந்தாள். அவளால் எப்படித் தடுக்க முடியும்? புருஷனின் அண்ணன் செத்த வீட்டில் "பொறுங்க, என் கம்ப்யூட்டர்ல வேலை ஓடுது" என்று சொன்ன பெண்ணை ஊர் சும்மா விடுமா? அவள் சாகிறவரை சொல்லிக் காட்டும்.

கலாபா குறுக்கே போய் நின்றார். இரண்டு முறை கைதட்டினார். மறுபடி இரண்டு முறை. வெப்ஸ்டர் அவரைக் கட்டிக்கொண்டான். "தெரியும் மாமா. தாங்க முடியாதுதான் மாமா" என்று அழுதான். அழுதுகொண்டே அவரைப் பூப்போல நகர்த்தி ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சுவரிலிருந்த பிளக்கை நோக்கிக் குனிந்தான்.

நான் தரையில் விழுந்தேன். கணினி மேசையின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். முதுகைப் பிளக்குக்கு முட்டுக் கொடுத்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஐயோ கசொண்டே! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!"

வெப்ஸ்டர் திகைத்துப் போனான். "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காந்து அழுங்கம்மா. மேசையத் தூக்கணும்."

"எங்கடா தள்றது? என் நெஞ்சே தள்ளாடுதே! கசொண்டே!"

அவன் மேசையைத் தொட்டான். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். உள்ளே வந்த பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி அவன் கையில் ஓர் அடி வைத்தாள். "டேய், அழற பொம்பளைய இழுப்பியா? வெளிய போடா." எங்கள் ஊரில் துக்கத்தில் விழுந்து கிடப்பவளை நகர்த்த ஒருவருக்கும் உரிமையில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

எக்ஸில்டா என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தோளில் போட்டிருந்த இன்னொரு சிடெங்கேயை எடுத்துத் திரையின் மேல் போர்த்திவிட்டு என் பக்கத்தில் விழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வந்த பெண்கள் எல்லோரும் எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலியான கூடத்தின் ஓரத்தில் அந்த ஒரு மேசை, அதைச் சுற்றி அழுகிற நாங்கள். புதிதாக வந்தவர்கள் சவமே அங்கேதான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

துணி ஓரத்தை நிமிண்டி எட்டிப் பார்க்க எனக்குத்தான் தோது. பார்த்தேன். "இன்னும் கால் தூரம்கூடப் போகலியே கசொண்டே!" என்று அழுதேன்.

"மெதுவாப் போறியே மாமா, சீக்கிரம் போயிடு மாமா!" என்று எக்ஸில்டா அழுதாள். பாட்டுக்குழுப் பெண்கள் அழுகையை நிறுத்தி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு தொடர்ந்தார்கள்.

பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் துணிக்கு அடியில் அந்தக் கர்ர் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. உள்ளே இப்போது நகல் ஆகிக்கொண்டிருப்பது அந்த முதல் நாள் பதிவுதான். ஆடு யாருடையது என்று தெரிந்துகொள்ளவா அன்றைக்கு அந்த மனிதர் வந்தார்? தம்பிக்குத் தொண்டை போகப்போகிறது. அவன் வாயைத் திறக்க வைக்க ஒரே வழி அவருக்குத் தெரிந்திருந்தது. என் சேவலைக் கல்லால் அடித்த பாவிக்குள் இப்படி ஒரு மனசு. அதன் பிறகு நான் அழுதது நிஜமாகவே அழுததுதான்.

கரண்ட் போனது. அட்டவணையில் இன்னும் நேரம் இருந்தது. அட்டவணையை யார் மதிக்கிறார்கள்? துணிக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் செத்தது. உள்ளே அரைத்துக்கொண்டிருந்த சத்தம் தேய்ந்து நின்றது. சுற்றியிருந்தவர்கள் ஒன்றும் அறியாமல் அழுதுகொண்டிருந்தார்கள். எக்ஸில்டாவின் அழுகை மட்டும் சட்டென்று நின்றுபோனது. என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வெளியே நெருப்பருகில் இருந்த கலாபா கதவோரம் வந்து நின்று அவளைப் பார்த்தார். அவளுக்கே தெரியாதபோது என்ன ஜாடை காட்டுவாள்? தலையைக் குனிந்துகொண்டாள்.

கசொண்டேயைப் புதைத்தோம். வந்தவர்களுக்கு ன்ஷிமாக் களி கிளறிக் கிளறி என் தோள்பட்டை போயிற்று. எல்லோரும் போன பிறகு முவிலா கணினியை எழுப்பிப் பார்த்தாள். டிக் டிக் என்று ஏதோ தட்டியதே தவிரத் திரை கறுப்பாகவே இருந்தது. சகாலா வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

முவிலா வெளி டிஸ்கைத் தன் மடிக்கணினியில் செருகினாள். பாடகர் குழுவின் பாட்டுகள் ஒன்று விடாமல் இருந்தன. விண்ணப்பங்கள் இருந்தன. என் மருமகள் கேக் வெட்டுகிற படம் பத்து விதமாக இருந்தது. எனக்கு அந்தக் கேக்கைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. குரல் ஃபோல்டரில் ஒன்றே ஒன்று. முதல் நாள் பதிவு. சுவிசேஷம் இல்லை, ரயில் இல்லை, மாவு மூட்டை இல்லை.

அதை ஓடவிட்டாள். அண்ணனும் தம்பியும் காது கிழிந்த ஆட்டுக்காகக் கத்தினார்கள். ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறினார். நடுவில் கசொண்டே கெக்கெக்கென்று சிரித்தார். கலாபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் கலாபாவின் குரல், "எக்ஸில்டா! அண்ணனுக்குத் தண்ணி குடு, கத்திக் கத்திச் சாகப் போறாரு" என்றது. எக்ஸில்டா பாதி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"இதுல பெரியப்பா குரலும் கலந்திருக்கு," என்றாள் முவிலா. "அத வெட்டி எடுத்துட்டாத்தான்ப்பா அந்த மென்பொருளுக்குக் குடுக்க முடியும். அவர் பேசினது, சிரிச்சது எல்லாம்."

கலாபா இரண்டு முறை கைதட்டினார். அறை மாதிரி விழுந்தது சத்தம்.

"அப்பா, வேற பதிவே இல்லப்பா. இது இல்லேன்னா நீங்க கடைசிவரைக்கும் கைதான் தட்டணும்."

மறுபடி இரண்டு முறை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

எக்ஸில்டா மகளைப் பார்த்தாள். சுரங்க அலுவலக மேஜையில் உட்கார்ந்திருக்கிற தோரணை அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. "எதுக்குடி அவர இந்தப் பாடு படுத்தற? நகல் எடு. நகல்ல வெட்டு. மூலம் அப்படியே கிடக்கட்டும், ஒரு சிரிப்புக்கூடக் குறையாம."

கலாபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒருமுறை தட்டினார்.

சகாலா புது டிஸ்க் போட்டார், புது சிஸ்டம் போட்டார். அதன் பிறகும் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. ஒருநாள் முவிலா வந்து எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு என்னையும் கூப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டுதான் போனேன். கலாபா ஒற்றை விரலால் டைப் அடித்தார்.

"கபாசாம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றது கணினி. அவர் குரலேதான். ஆனால் நான் அவர் ஆட்டைத் திருடிவிட்டதைப் போலக் கத்தியது. அதற்குக் கிடைத்ததெல்லாம் சண்டை. வேறு எப்படிப் பேசும்? "டீ ருசியா இருக்கு எக்ஸில்டா" என்று மனைவியை மிரட்டியது. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று எங்களை அதட்டியது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கலாபாவும் தோள் குலுங்கச் சிரித்தார். எக்ஸில்டா சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்கு இது போதும்" என்றாள்.

பிறகு அவர் மறுபடி குனிந்து அடிக்க ஆரம்பித்தார். அடித்தார், அழித்தார், திரும்ப அடித்தார். நாங்கள் காத்திருந்தோம். பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே! அந்த ஆடு உன்னோடதுதான்!" என்று அதே ஆத்திரத்தோடு கத்தியது கணினி.

கலாபா திரையைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். எக்ஸில்டா எழுந்துபோய் வெளி டிஸ்கைச் செருகி, அந்த ஒரு வரிக்கும் நகல் எடுத்து வைத்தாள்.